நல்லா இல்லன்னு சொன்னவங்க கையில போனைக் குடுங்க

கேள்வி: அக்கா, எங்க அப்பா சேர்த்து வச்ச ரப்பர் தோட்டத்து போட்டோ, பால் வெட்டுன காலத்து கதைங்க எல்லாம் போட்டு சொந்தமா ஒரு வெப்சைட் வச்சிருக்கேன். ரொம்ப பழசா தெரியுதேன்னு மூணு மாசம் வேலை முடிஞ்சு வந்து ராத்திரில உக்காந்து முழுசா மாத்தி, தீபாவளிக்கு முந்தின வாரம் ஏத்திட்டேன். குடும்ப வாட்சாப் குரூப்ல போட்டா, மாமா 'பழசே நல்லா இருந்துச்சு'ங்கறாரு, அண்ணன் 'ஆஸ்பத்திரி மாதிரி வெள்ள வெளேர்னு இருக்கு'ங்கறாரு, பெரியம்மா 'ஒன்னும் தெரியலய்யா'ங்கறாங்க, சித்தப்பா ஒருத்தர் நிலநிதி கூட்டுறவு சங்கம் 1966ல தொடங்குனதா நான் போட்டிருந்தத எல்லாரு முன்னாடியும் புடிச்சிட்டாரு. ஈப்போவுல டிசைன் வேலை செய்யற கூட்டாளி 'அமெச்சூர்'னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டான். பழசையே திருப்பி போட்டுட்டு பேசாம இருந்துரலாமான்னு இருக்கு.
– பேரு வேணாம்னு கேட்டுக்கிட்டவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, திருப்பி போடாதீங்க, இன்னிக்கு ராத்திரி குரூப்ல பதிலும் போடாதீங்க. நான் பாட்டி சமையல் குறிப்பெல்லாம் எழுதி வச்சிருந்த பக்கத்த ஒரு தடவ மாத்துனப்போ அத்தை ஒருத்தவங்க 'முன்ன மாதிரி இல்லயேம்மா'ன்னு எழுதுனாங்க, நானும் ராத்திரி பதினொரு மணிக்கு, அசதியில, நீங்க சரியா பாக்கலன்னு நீளமா பதில் எழுதிட்டேன், அதுக்கப்புறம் அவங்க அந்த பக்கத்த தொறக்கவே இல்ல. யாருக்காக எழுதி வச்சேனோ அவங்களே போயிட்டாங்க. அது இன்னிக்கும் மனசுல இருக்கு.

முதல்ல சித்தப்பா. அவரு சொன்னது சரி, அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் அந்த சங்கத்த ஆரம்பிச்சது 1960ல. இதுல யோசிக்க ஒன்னுமே இல்ல, இப்பவே மாத்திட்டு, அதே குரூப்ல 'மாத்திட்டேன் சித்தப்பா, நன்றி'ன்னு போட்டுருங்க. தோட்டத்த துண்டு துண்டா வித்துக்கிட்டிருந்த காலத்துல, தொழிலாளிங்க காசு சேத்து தோட்டம் வாங்க வச்ச அந்த சங்கத்து பங்குக்கு சம்பளத்துல காசு கட்டுன வீட்டு ஆளுங்க நம்ம, அந்த வருஷம் தப்பா நிக்கறது டிசைன விட பெரிய விஷயம்.

இப்ப பெரியம்மா. உங்களுக்கு வந்ததுலயே உருப்படியான வார்த்தை 'ஒன்னும் தெரியலய்யா' தான், அத விட்றாதீங்க. ஞாயித்துக்கெழம காலையில அவங்க வீட்டுக்கு போங்க, பசியாறி முடியட்டும், அப்புறம் அவங்க போன அவங்க கையிலயே குடுங்க, உங்க போன் வேணாம். 'பெரியம்மா, தாத்தா பெரட்டுல (காலையில பேரு கூப்புடற எடத்துல) நிக்கற படத்த கொஞ்சம் தேடி எடுங்க'ன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு அவங்க கட்டைவிரல மட்டும் பாருங்க. இது சொல்ற அளவுக்கு சுலபம் இல்ல. நான் அந்த அத்தை வீட்டுக்கு ஒரு மாசம் கழிச்சு போயி, மன்னிப்பு கேட்டுட்டு, இப்படித்தான் உக்காந்தேன். அவங்க போன்ல எழுத்த ஆக பெருசா வச்சிருந்தாங்க, அதுல என் பக்கத்தோட தலைப்பு வீங்கிப்போயி, பக்கத்துல இருந்த மூணு கோடு மெனுவ ஓரத்துக்கு தள்ளிட்டதால அது கண்ணுக்கே தெரியல. அவங்க தலைப்பதான் பட்டன்னு நெனச்சு அமுக்குனாங்க, திரும்ப அமுக்குனாங்க, மூணாவது தடவ கொஞ்சம் அழுத்தி அமுக்கிட்டு, 'என் போன் பழசும்மா'ன்னு சொல்லி கவுத்து வச்சிட்டாங்க. தப்பு என்னுது, பழிய அவங்க மேல போட்டுக்கிட்டாங்க. குரூப்ல எத்தன நாள் பேசியிருந்தாலும் இது எனக்கு தெரிஞ்சிருக்காது, ஏன்னா அவங்களுக்கே எங்க மாட்டிக்கிட்டோம்னு சொல்ல தெரியாதே.

இப்படி அஞ்சு பேருகிட்ட உக்காந்தா போதும். அஞ்சு பேர வச்சு பாத்தாலே பெரும்பாலான கோளாறு வெளிய வந்துரும்னு யாக்கோப் நீல்சன் 2000லயே எழுதிட்டாரு, அவரு இதே வேலையா இருந்தவரு.

அண்ணன் சொன்ன 'ஆஸ்பத்திரி'ய அப்படியே எடுத்துக்கிட்டு பின்னாடி மஞ்சள் பூசிராதீங்க. அவரு கண்ணுக்கு என்னமோ பண்ணியிருக்கு, அது கலரா இல்ல எழுத்தான்னு பாக்கணும். இப்ப நெறைய பேரு வெள்ள மேல வெளிர் சாம்பல்ல எழுத்து போட்றாங்க, ஸ்டைலா இருக்குன்னு. #999999ங்கற கலர் எண் போட்டிருந்தீங்கன்னா அதுக்கும் வெள்ளைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் 2.85க்கு 1 தான் வரும், சாதாரண எழுத்துக்கு கொறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும்னு வெப்சைட்டுக்கு பொது விதி வகுக்கற டபிள்யூ3சி அமைப்போட விதிமுறை சொல்லுது. #595959 போடுங்க, 7க்கு 1 வந்துரும், பாக்கவும் சாம்பலாத்தான் இருக்கும். தமிழ் எழுத்துக்கு இன்னும் கவனம் வேணும், 'ணி', 'றூ' எல்லாம் எத்தன சுழி, இங்கிலீஷுக்கு போதுங்கற சைஸ் இதுக்கு போதாது, நான் 18 பிக்சல் வச்சு வரிக்கு நடுவுல நல்லா எடம் விடுவேன். ஸ்கேன் பண்ண போட்டோவ அப்படியே ஏத்தியிருந்தா ஒன்னொன்னும் அஞ்சாறு எம்பி இருக்கும், லைன் சுமாரா கெடைக்கற எடத்துல படம் வர்ற வரைக்கும் வெறும் வெள்ளதான் தெரியும், அண்ணன் பாத்த ஆஸ்பத்திரி அதுவாக்கூட இருக்கலாம். அகலம் 1600 பிக்சலுக்கு கொறைச்சு ஏத்திப் பாருங்க.

மாமா சொல்றது வேற. அப்பாகிட்ட கேட்டுப்பாருங்க, விடியக்காலைல நெத்தி லைட்டோட தன் நெரையில போற ஆளு எந்த மரத்துக்கு அப்புறம் எந்த மரம்னு பாக்காமலே நடப்பாரு, அவர தூக்கி வேற நெரையில போட்டா கொஞ்ச நாளைக்கு பால் கொறையும், அதுக்காக புது நெரையில இருக்கற மரம் மோசம்னு ஆயிருமா. மாமாவுக்கு பழக்கம் போயிருச்சு, அவ்ளோதான், ஒரு மாசம் குடுங்க. ஆனா ஒன்னு, அவரு சேமிச்சு வச்ச பழைய லிங்க் இப்ப தொறக்குதான்னு போயி பாருங்க. பக்கத்தோட முகவரிய மாத்தியிருந்தீங்கன்னா பழைய முகவரிக்கு வர்றவங்கள புதுசுக்கு அனுப்ப 301 ரீடைரக்ட் போடணும், அத போடலன்னா மாமா சொல்றது நியாயமான கோவம்.

அந்த கூட்டாளிகிட்ட தனியா 'எந்த எடத்துலடா?'ன்னு கேளுங்க. எடத்த காட்டுனா கேட்டுக்கோங்க, அந்த வேலை தெரிஞ்சவன். காட்ட முடியலன்னா விட்ருங்க. அது உங்க அப்பா போட்டோ, உங்க காசு, என்ன கலர்ல இருக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

கேள்வி: என் தங்கச்சி அவளோட பலகார வெப்சைட்ட புதுசா மாத்திட்டு எப்படி இருக்குக்கான்னு கேக்கறா. உண்மைய சொன்னா மனசு ஒடஞ்சிருவா, நல்லா இருக்குன்னு பொய் சொல்லவும் வரல.
– வாசகி, கோலா சிலாங்கூர்

பதில்: குரூப்ல சொல்லாதீங்க, கூப்புட்டு சொல்லுங்க. 'அது சரியில்ல'ன்னு ஆரம்பிக்காம, நீங்க பாத்தது மட்டும்: 'நான் முறுக்கு வெல எவ்ளோன்னு தேடுனேன்மா, மூணு தடவ கீழ போயிட்டு வந்தேன், கெடைக்கல.' மாட்டிக்கிட்ட எடத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. அதுலயே நல்லா வந்திருக்கறது ஒன்ன பேரு சொல்லி சொல்லுங்க, எந்த போட்டோ, எந்த வரின்னு. பொதுவா 'சூப்பர்மா'ன்னா அவளுக்கு தெரிஞ்சிரும்.