குப்பைப் பையில் என் முகவரி இருந்தால் கவுன்சில் எனக்கே அபராதம் போடுமா?

கேள்வி: இங்கிலாந்தில் குடியிருப்புத் தெரு. வீடுகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் யாரோ மெத்தை, கறுப்புப் பைகள் என்று கொட்டிவிட்டுப் போகிறார்கள். கவுன்சிலில் புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? பைக்குள் நம் முகவரி போட்ட தபால் கிடந்தால் நமக்கே அபராதம் வருமா?

வரலாம், கொட்டியது நீங்கள் இல்லை என்றாலும். 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு கொட்டியவரைப் பிடிக்கிறது. 34ஆவது பிரிவு குப்பையைக் கைமாற்றிய வீட்டுக்காரரைப் பிடிக்கிறது. வீட்டுக் குப்பையை வேறொருவரிடம் கொடுக்கும்போது, அதை எடுத்துச் செல்ல அவர் பதிவு பெற்றவர்தானா என்று பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. பார்க்காமல் கொடுத்து, அவர் சந்தில் கொட்டிவிட்டுப் போனால், கவுன்சில் அதிகாரி பையைக் கிளறி உங்கள் கரண்ட் பில்லையோ பார்சல் லேபிளையோ எடுப்பார். விளக்கம் கேட்டுக் கடிதம் உங்களுக்குத்தான் வரும்.

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மாட்டுவது இப்படித்தான். பழைய சோஃபாவை எடுக்க ஃபேஸ்புக்கில் ஒரு வேன்காரரைப் பிடிப்பார்கள், அவர் கேட்கும் தொகை மற்றவர்கள் கேட்பதில் பாதி இருக்கும். ஏன் பாதி? முறையாகச் செய்பவர் குப்பை நிலையத்தில் எடைக்குப் பணம் கட்டியாக வேண்டும். குப்பை மேட்டில் புதைப்பதற்கான வரி மட்டும் 2025 ஏப்ரலில் டன்னுக்கு 126.15 பவுண்டு ஆனது. சோஃபாவைப் புதைக்கவும் முடியாது: மெத்தை வைத்த இருக்கைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த நச்சு வேதிப்பொருட்கள் இருக்கக்கூடும் என்பதால், 2023லிருந்து அவற்றைத் தனியாகப் பிரித்து எரித்தே அழிக்க வேண்டும். இந்தச் செலவு எதுவும் விலையில் தெரியவில்லை என்றால் சோஃபா எங்கே போகும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வேன்காரரிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் CBDU என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். அரசின் சுற்றுச்சூழல் முகமையின் (Environment Agency) இணையப் பதிவேட்டில் அந்த எண்ணை இலவசமாகத் தேடலாம். எண் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு எதிரே உள்ள பெயரும் வந்திருக்கும் ஆளின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். அடுத்தவர் எண்ணைச் சொல்லித் தப்பிப்பது பழைய தந்திரம். குப்பை எங்கே போகிறது என்று கேளுங்கள். தேதி, என்ன பொருள், எவ்வளவு பணம் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். வேனின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிட்டு, பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். ரொக்கம் மட்டும்தான் வேண்டும், ரசீது கிடையாது என்றால் அனுப்பிவிடுங்கள். நியாயமான அளவுக்கு எல்லாம் செய்தேன் என்று காட்டினால் 34ஆவது பிரிவு உங்கள் மேல் நிற்காது. பார்சல் பெட்டிகளில் முகவரி லேபிளைக் கிழித்துப் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

2023 ஜூலை 31லிருந்து கவுன்சில் விதிக்கக்கூடிய உச்ச அபராதம்: கொட்டுவதற்கு 1,000 பவுண்டு, தெருவில் சிறு குப்பை போடுவதற்கு 500, மேலே சொன்ன வீட்டுக்காரர் கடமையைத் தவறவிட்டதற்கு 600. இந்த வரம்புக்குள் எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். சீக்கிரம் கட்டினால் சில கவுன்சில்கள் குறைத்துக்கொள்ளும். அபராத நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து 14 நாள் வரை வழக்குத் தொடர மாட்டார்கள். கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, குற்றப் பதிவு ஆகாது. பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த நோட்டீஸுக்கு மேல்முறையீடு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. நீங்கள் செய்யவில்லை என்றால் ஆதாரத்தோடு கவுன்சிலுக்கு எழுதலாம். அவர்கள் ஏற்காவிட்டால் கட்டாமல் இருந்து நீதிமன்றத்தில் வாதாடுவதுதான் வழி. அங்கே நிரூபிக்கும் பொறுப்பு கவுன்சிலுடையது, ஆனால் தோற்றால் தொகை எகிறும்: கொட்டிய குற்றத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது, பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போனால் ஐந்தாண்டுச் சிறை வரை உண்டு. அதனால் ரசீதும் நம்பர் பிளேட் படமும் கையில் இருந்தால் எதிர்த்து நில்லுங்கள். வெறும் "எனக்குத் தெரியாது" என்பதை நம்பி நீதிமன்றம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி புகார். பையைத் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். ஊசி, உடைந்த கண்ணாடி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எதுவும் உள்ளே இருக்கலாம். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதிகாரிக்கு அது ஆதாரம். தேதி, நேரம், சரியான இடம், எத்தனை பை, எந்த அளவு, எதிரே எந்த வீட்டு எண் என்று குறித்து இரண்டு படங்கள் எடுங்கள்: ஒன்று கிட்டத்தில், ஒன்று தெரு தெரியும்படி. கவுன்சில் இணையதளத்திலோ, தெருப் புகார்களைக் கவுன்சிலுக்கு அனுப்பிவைக்கும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் (FixMyStreet) தளத்திலோ பதிந்து குறிப்பு எண்ணைச் சேமித்துவையுங்கள். வேனைப் பார்த்திருந்தால் நம்பர்தான் பொன். வண்டியிலிருந்து கொட்டினால், வண்டியைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருப்பவரே கொட்டவைத்ததாகச் சட்டம் கொள்ளும். "ஓட்டியது நான் இல்லை" என்று அவர் நழுவ முடியாது. கொட்டுபவரிடம் நேரில் போய் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

கேமரா வைக்கச் சொன்னால் கவுன்சில் ஏன் தயங்குகிறது என்று பலர் கேட்பார்கள். ஒருவரை மறைவாகக் கண்காணிக்க மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். பொதுவாக ஆறு மாதச் சிறையாவது கிடைக்கக்கூடிய குற்றத்துக்குத்தான் அது கிடைக்கும். மெத்தை கொட்டுவது அதில் அடங்கும், சிகரெட் துண்டு அடங்காது. பலகை வைத்து வெளிப்படையாக மாட்டும் கேமராவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் கதவு மணிக் கேமராவில் பதிந்ததையும் கொடுக்கலாம்.

புகார்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் நில உரிமை. பொதுச் சாலையும் நடைபாதையும் என்றால் கவுன்சில் அள்ளும். பின்சந்து என்றால் பல இடங்களில் அது இருபுற வீட்டுக்காரர்களுக்கும் சொந்தமானதாக இருக்கும், அள்ளும் செலவும் அவர்கள் தலையில்தான். நிலப் பதிவகத்தில் உரிமைப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதுவது நல்லது. தனியார் நிலத்தில் கிடப்பதை அகற்றச் சொல்லி அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆவது பிரிவின்படி நோட்டீஸ் வந்தால், கொட்டியதும் தெரிந்தே விட்டதும் நீங்கள் இல்லை என்று 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம். அந்தக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு முன்தோட்டத்தில் குவிந்து கிடப்பது வேறு கதை. எலி வந்தால் 1949ஆம் ஆண்டுப் பூச்சி, எலித் தொல்லைத் தடுப்புச் சட்டம், தெருவின் தோற்றமே கெட்டால் திட்டமிடல் சட்டத்தின் 215ஆவது பிரிவு: இவற்றை வைத்துத்தான் கவுன்சில் நடவடிக்கை எடுக்கும். எலியைப் பார்த்திருந்தால் புகாரில் அதை முதல் வரியில் எழுதுங்கள். வாடகை அறைகள் உள்ள வீடு என்றால் உரிமையாளரின் உரிம நிபந்தனையையும் பார்க்கச் சொல்லுங்கள். போதுமான குப்பைத்தொட்டி வைத்துக்கொடுப்பது அவர் பொறுப்பு.

தப்பென்றே தோன்றாமல் மாட்டிவிடும் பழக்கங்களும் உண்டு. நிரம்பிய பொதுக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் பையை வைப்பது, "இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி மேசையை நடைபாதையில் விடுவது: இரண்டையும் கொட்டியதாகவே பல கவுன்சில்கள் எடுத்துக்கொள்ளும். குளியலறையை நீங்களே உடைத்துக் கட்டினால், அந்த இடிபாட்டை மறுசுழற்சி மையத்தில் இலவசமாகப் போடலாம்: ஒரு தடவைக்கு 50 லிட்டர் பை இரண்டு, நான்கு வாரத்துக்கு நான்கு தடவை. 2023 கடைசியிலிருந்து இது விதி. காண்ட்ராக்டர் செய்த வேலையின் இடிபாட்டுக்கு இது பொருந்தாது.

கவுன்சிலே தன் தெருவைச் சுத்தமாக வைக்கவில்லை என்றால் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆவது பிரிவு இருக்கிறது. ஐந்து நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு, பாதிக்கப்பட்ட எவரும் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். சாதாரணக் குடியிருப்புத் தெருவைச் சுத்தம் செய்ய அரசின் நடைமுறை விதிநூல் கவுன்சிலுக்கு வைத்திருக்கும் கெடு சுமார் ஒரு நாள். தேதி போட்ட படங்களை அந்தக் கெடுவோடு ஒப்பிட்டு அடுக்குங்கள். முன்னறிவிப்புக் கடிதம் போனவுடனேயே அள்ளிவிட்டால் நல்லது. வழக்குப் போட்ட பிறகுதான் அள்ளினார்கள் என்றாலும், போட்ட அன்று குப்பை கிடந்ததையும் வழக்குக்கு நியாயமான காரணம் இருந்ததையும் காட்டினால், உங்கள் செலவைக் கவுன்சில் தர வேண்டும் என்றே அந்தப் பிரிவு சொல்கிறது.