பெருமாள்புரத்தில் குடியேற நினைக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

திருநெல்வேலிப் பாளையங்கோட்டையில், நாங்கள் பாளை என்று சொல்கிற ஊரில், வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் எனக்கு 29 வருஷம். கட்டியதில் பாதிக்கு மேல் பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி வட்டாரம். குடியிருப்பதும் பெருமாள்புரம்தான். இந்தப் பகுதியில் வீடு, மனை, வாழ்க்கை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து மாறி வரும் அக்கா: அவருக்கு நெல்லைக்கு மாற்றல். பெருமாள்புரத்தில் வாடகை வீடு பார்க்கச் சொல்கிறார்கள். ஊர் எப்படி இருக்கும்? வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல இடம்தான் சொல்லியிருக்கிறார்கள், அக்கா. புது பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே. வேய்ந்தான்குளம் என்று யாராவது சொன்னாலும் அதே பஸ் ஸ்டாண்டுதான். மகாராஜ நகர் உழவர் சந்தைக்குக் காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் போனால் கீரையெல்லாம் வாடியிருக்கும். பிள்ளைகள் படிப்புக்குப் பாளையில் பஞ்சமே இல்லை. 1923-இல் தொடங்கிய சவேரியார் கல்லூரி, அதற்கும் மூத்த சாராள் தக்கர் கல்லூரி, அவற்றைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள்.

வீடு பார்க்கும்போது மூன்று விஷயம். முதலில் தண்ணீர். "போர் இருக்கு, தண்ணிக்குக் கவலையில்லை" என்பார்கள். அதோடு விடாதீர்கள். நேரே குளியலறைக்குப் போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். சுண்ணாம்பு அப்பின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, ஹீட்டர் சீக்கிரம் போய்விடும். மாநகராட்சி ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, அதைப் பிடித்து வைக்கத் தனித் தொட்டி உண்டா என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

இரண்டாவது காற்று. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். குற்றாலத்தில் சாரல் விழும். இங்கே நமக்குப் பெரும்பாலும் காற்று மட்டும்தான், மழை ஐப்பசி கார்த்திகையில். மேற்கு ஜன்னலில் கொக்கி சரியில்லாத வீட்டில் ஆடி மாதம் முழுக்கக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும், துணி காயப்போட்டால் அடுத்த தெருவில் தேட வேண்டும். ஆனால் அந்தக் காற்றில் சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் சென்னைக்குத் திரும்ப மனசு வராது.

மூன்றாவது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்வேன். தெருவின் இரண்டு முனைக்கும் நடந்து பார்த்து, எந்த முனை தாழ்வு, தாழ்வில் இருக்கிற வீடு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாடகை வீடானாலும் இதைப் பார்க்க வேண்டும்.

ஒரு தம்பி: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். நியாயமா?

2017 வாடகைச் சட்டத்தில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. பேசிக் குறையுங்கள். எதுவானாலும் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லாதவர்: பெருமாள்புரத்தில் ஒரு சென்ட் என்ன விலை?

சென்ட் என்பது 435.6 சதுர அடி. விலை தெருவுக்குத் தெரு மாறும், பொதுவில் ஒரு தொகை சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு நாளைக்குத் தரகர் பேசுவார். பதிவுத்துறை இணையதளத்தில் தெரு வாரியாக அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு இருக்கிறது, அங்கே ஆரம்பியுங்கள். பத்திரச் செலவாக முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

துபாயில் வேலை பார்க்கும் தம்பி: அண்ணாச்சி, ரெட்டியார்பட்டி தாண்டி ஒரு மனை வந்திருக்கிறது. "பெருமாள்புரம் விரிவாக்கம்" என்று விளம்பரம். அங்கீகாரம் உண்டு, வில்லங்கம் சுத்தம் என்கிறார்கள். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். அட்வான்ஸ் போடலாமா?

போடாதீர்கள், தம்பி. மனை கெட்டது என்று சொல்லவில்லை. இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

விரிவாக்கம் என்ற பெயரை ஒதுக்கி வையுங்கள். பெருமாள்புரத்துக்கு மதிப்பு கூடக் கூட நாலு பக்கமும் அந்தப் பெயரை இழுக்கிறார்கள். உங்கள் பத்திரத்தில் எழுதப்போவது கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும்தான். அங்கீகார எண்ணை வாங்கி நகர் ஊரமைப்புத் துறையில் சரி பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முந்தி அங்கீகாரம் இல்லாமல் போட்ட மனை என்றால், வரன்முறை செய்த உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வில்லங்கம் சுத்தம் என்பது பாதி உண்மை. பதிவான பத்திரம் மட்டும்தான் அதில் வரும். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று எந்த வில்லங்கச் சான்றிதழிலும் இருக்காது.

நம் சீமை முழுக்கக் கால்வாயும் குளமுமாகப் பின்னிக் கிடக்கிறது. பழவூர் அணைக்கட்டில் பிரிகிற பாளையங்கால்வாய் மேலப்பாளையம் வழியாகப் பாளைக்குள் வருகிறது. வழியெல்லாம் குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழிதான் மறுகால், அது விழுந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். வயலை மனையாக்கினாலும் மறுகால் ஓடையின் பள்ளம் அப்படியே இருக்கும். மண் கொட்டி மூடினால் உங்கள் கண்ணுக்குத்தான் மறையும். தண்ணீர் பழைய தடத்தைத் தேடித்தான் வரும். பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பதினோராவது வருஷம் வரும்.

அதனால் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, எடுங்கள். மாநகராட்சியில் நகர நில அளவை முடிந்த பகுதி என்றால் அதற்கு வேறு பதிவேடு, கிராமம் என்றால் புலப்படமும், கிராம நிலங்களின் விவரம் இருக்கிற ஏ பதிவேடும். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுற்றியிருக்கிற நாலு எண்ணையும் பாருங்கள். வாய்க்கால், ஓடை, குளம் என்று எதில் எழுதியிருக்கிறது, அது எந்தத் திசையில் ஓடி எங்கே முடிகிறது? அப்புறம் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவரிடம், "கார்த்திகையில் இங்கே தண்ணி நிக்குமா அய்யா?" என்று கேளுங்கள். நான் எந்த மனையிலும் இதைக் கேட்காமல் நூல் பிடித்ததில்லை.

இன்னொருவர்: தியாகராஜ நகரில் சென்ட் என்ன விலை?

மேலே சொன்ன பதில்தான்.

ஒரு அண்ணன்: தெற்கு வாசல் வீடு வாங்கலாமா?

வாஸ்து எனக்குப் பழக்கமில்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

டவுன்காரர்: அண்ணாச்சி, மனசில் பட்டதைச் சொல்கிறேன். எங்களுக்கு நெல்லையப்பர், காந்திமதி அம்மன், நாலு ரத வீதி, ஆனித் தேர். ராத்திரி பதினோரு மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு. நீங்கள் எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. அது ஊரா, வெறும் காலனியா?

உங்கள் தேருக்கு வடம் பிடித்தவன்தான் நான். டவுனுக்கு இருக்கிற வயசு எங்களுக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலனி என்ற சொல்லை இளக்காரமாகச் சொல்லாதீர்கள். என்.ஜி.ஓ. காலனி என்றால் இப்போதைய பிள்ளைகள் தொண்டு நிறுவனம் என்று நினைக்கிறார்கள். அது அரசிதழ் பதிவு பெறாத அலுவலர்களின் குடியிருப்பு. கே.டி.சி. நகரில் இருப்பது கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர். குமாஸ்தா, வாத்தியார், கண்டக்டர் என்று மாதச் சம்பளக்காரர்கள் கடன் வாங்கி எழுப்பிய வீடுகள் இவை. இன்றைக்குப் பணக்காரப் பகுதி என்று பெயர் வந்துவிட்டது. அஸ்திவாரம் போட்டது அவர்கள்.

திருவிழா இல்லையென்று யார் சொன்னது? பாளை தசராவுக்கு வந்திருக்கிறீர்களா?

பாளை கோட்டைப் பக்கத்து அம்மா: தசரா பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஆயிரத்தம்மன் தலைமையில் 12 அம்மன்களின் சப்பரம் ஒன்றாக நிற்கும்போது பார்த்தவர் யாரும் பாளையை ஊர் இல்லை என்று சொல்ல மாட்டார். ஆனால் தம்பி, அது பழைய பாளையின் திருவிழா. பெருமாள்புரம் அதைத் தன்னுடையது என்று சொல்லக்கூடாது.

அம்மா சொன்னது சரி. தூத்துவாரி அம்மன், முப்பிடாதி அம்மன், உலகம்மன் எல்லாம் பழைய தெருக்களின் சாமிகள். நாங்கள் போய்க் கும்பிடுகிறவர்கள். மறுநாள் ராத்திரி எருமைக்கிடா மைதானத்தில் மகிஷாசுர வதம் முடிந்து, தூங்குகிற பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு நடந்திருக்கிறேன். சொந்தம் கொண்டாடவில்லை, ஆனால் எங்களுக்கும் அது வேண்டியது.

டவுன்காரர்: அம்மாவே சொல்லிவிட்டார்கள். கும்பிடப் போகிற இடம் வேறு, ஊர் வேறு.

சரி, ஒன்று சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள் தண்ணீர். ஆறு எங்களுக்குத் தூரம். ஆனாலும் எங்கள் தெருவின் தாழ்ந்த முனையில் முழங்கால் அளவு நின்றது. கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டி காலி. தெருவில் கிணற்றை மூடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு வீடு, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருடையது. இரும்புச் சகடையை அவரே மாட்டிக் கயிறு கொடுத்தார். அந்த வீட்டு முற்றத்தில் குடத்தோடு வரிசையில் நின்றபோதுதான், எட்டு வருஷமாகக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்த பல பேரின் பெயர் எனக்குத் தெரிந்தது. மேட்டு வீட்டில் மூன்று குடும்பம் தங்கின. இதை ஊர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

டவுன்காரர்: இது கேட்க நன்றாக இருக்கிறது, அண்ணாச்சி. அதே வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோவில் முங்கியது. ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டு போய்விடுவோம். வடிந்ததும் கழுவி விட்டுப் பூஜை. எங்களுக்கு ஆற்றோடு பழக்கம்.

நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆற்றுக்குள்ளேயே கோவில் கட்டியவர்களுக்கு வெள்ளம் வரும் என்று தெரியும். தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்துச் சுவரைப் படகு முனை மாதிரி வைத்தார்கள், சாமியை எடுத்துப் போக மேலே இடமும் வைத்தார்கள். நாம் குளத்து உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற இடத்தில், மூன்று படுக்கையறை வீடு கட்டுகிறோம், கட்டினவருக்கும் வாங்கினவருக்கும் அது உள்வாய் என்றே தெரியாது. இதில் டவுன் உசத்தி என்றே ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு தங்கச்சி: நல்ல அல்வா பாளையில் எங்கே?

சாயங்காலம் டவுனுக்குப் போய் நெல்லையப்பர் கோவில் எதிரே வரிசையில் நில்லுங்கள். டவுன்காரருக்கு இன்றைக்கு இரண்டாவது வெற்றி.

ஓய்வு பெற்ற தம்பதி: பிள்ளைகள் வெளிநாட்டில். நாங்கள் இருவர் மட்டும். பெருமாள்புரம் ஒத்துவருமா?

ஒத்துவரும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம், தனியார் மருத்துவமனைகள் வண்ணார்பேட்டைப் பக்கம் நிறைய. காலை நடைக்கு வ.உ.சி. மைதானத்துக்குப் போகிறவர்கள் உண்டு. தெருவிலேயே நடப்பது எனக்குப் பிடிக்கும். வேம்பும் புங்கையும் நின்ற பழைய தெருக்களில் ஏழரை மணி வரை வெயில் கீழே இறங்காது. பேரப்பிள்ளைகள் வந்தால் கொக்கிரகுளம் அறிவியல் மையம், ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் கிடைத்ததை அங்கே பார்க்கலாம். மாடி வீடு வேண்டாம், தரைத்தளம் எடுங்கள், ஆனால் தெருவைவிடக் குறைந்தது மூன்று படி உயரமாக இருக்கட்டும். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டித் தினமும் போகும்படி வீடு பார்க்காதீர்கள், ரயில் போகும் நேரத்தில் உடம்பு சரியில்லாமல் காத்திருப்பது பெரிய கஷ்டம்.

மூன்றாமவர்: மகாராஜ நகரில் சென்ட் என்ன விலை?

விலைக் கேள்விக்கு இனி பதில் இல்லை. வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள்.

ஒரு தம்பி: குளத்துக்கரையில் அடுக்குமாடி வீடு, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும். விலையும் குறைவு.

கரையின் எந்தப் பக்கம்? உள்வாய் என்றால் வேண்டாம். மறுகால் பக்கம் என்றாலும் வேண்டாம். துபாய்த் தம்பிக்கு எழுதியதை முழுக்கப் படியுங்கள், தயவுசெய்து. எட்டு மாடி என்றாலும் லிஃப்டும் மோட்டாரும் வண்டியும் தரையில்தான் இருக்கும்.

துபாய்த் தம்பி மறுபடியும்: அண்ணாச்சி, நீங்கள் சொன்னதும் அப்பாவை அனுப்பிப் புலப்படம் எடுத்துவிட்டேன். எங்கள் மனை எண்ணில் ஒன்றும் இல்லை. வடக்கே அடுத்த எண்ணில் ஓடை என்று போட்டு, எங்கள் எல்லையில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் கோடு இல்லை. மனைக்காரர், "அது எப்பவோ மூடிப்போன ஓடை" என்கிறார்.

எல்லை வரை வந்து நிற்கிறதா? அதற்குக் கீழே என்ன இருக்கிறது? தெற்கே உள்ள எண்ணையும் அப்பாவை எடுக்கச் சொல்லுங்கள். அங்கே ஓடை மறுபடியும் தொடங்கினால் நடுவில் இருப்பது உங்கள் மனைதான். அட்வான்ஸ் கொடுக்கவில்லையே? நல்லது. ஊருக்கு வந்ததும் காலை ஆறு மணிக்கு புது பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு வாருங்கள், அப்பாவையும் கூட்டி வாருங்கள். நான் டேப்பும், மேடு பள்ளம் பார்க்க மட்டக்குழாயும் எடுத்து வருகிறேன்.