பேய்ப்படங்களும் டார்க் த்ரில்லர்களும் வீட்டில் பார்க்கும்போது ஏன் பயமுறுத்துவதில்லை?

தியேட்டரில் சீட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்த படம், அதுவே ஓடிடியில் வந்ததும் வீட்டு டிவியில் சப்பென்று இருக்கிறது, இதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். திரை சின்னது, அதனால்தான் என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வகைப் படங்களில் பயம் பெரும்பாலும் காது வழியாகத்தான் உள்ளே வருகிறது. வீட்டில் நாம் முதலில் கெடுத்துக்கொள்வதும் அந்தச் சத்தத்தைத்தான்.

ஒரு பெண் இருட்டு வராந்தாவில் தனியாக நடந்து போகிறாள் என்று வையுங்கள். பின்னணி இசை மெல்ல அடங்கி நின்றுவிடும். அவள் காலடி, உடை உரசும் சத்தம், உள்ளே எங்கேயோ ஒரு கதவு அசையும் ஓசை, அவ்வளவுதான் கேட்கும். அதைப் பிடிக்க நாமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படித் தீட்டி வைத்த காதில்தான் அடுத்த நொடி அந்த அலறல் வந்து விழ வேண்டும். நம் வீட்டிலோ தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறது. வசனம் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டுவோம். திடீரென்று பெரிய சத்தம் வந்ததும், தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்களே என்று பதறிக் குறைப்போம். படம் முழுக்க ரிமோட்டும் கையுமாக இருந்தால் பயம் எங்கிருந்து வரும்?

சத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 'சைக்கோ'வைத்தான் சொல்லத் தோன்றுகிறது. 1960இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் வரும் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், படம் முழுக்கத் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசை எழுதியவர், அந்தக் காட்சிக்கும் எழுதிக் காட்டினார். கேட்ட பிறகு ஹிட்ச்காக் மனம் மாறிவிட்டார். அந்தக் காட்சியை ஒருமுறை மியூட்டில் பார்த்துவிட்டு, உடனே சத்தத்தோடு பாருங்கள். வயலின்களின் அந்தக் கீச்சொலி என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்கே புரியும்.

அதனால் என் முதல் யோசனை, காதை முழுக்க மூடும் நல்ல ஹெட்போன். சவுண்ட்பார் இருந்தால் சரிதான், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அடுக்குமாடி வீட்டில் அதைத் தேவையான அளவுக்குத் திறந்து வைக்க முடியாது. ஹெட்போனில் அந்தக் கவலை இல்லை, ஃபேன் சத்தமும் அமுங்கிவிடும். ப்ளூடூத் என்றால் உதட்டசைவும் சத்தமும் பொருந்துகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டிவியில் 'நைட் மோட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். பேய்ப்படத்துக்கு அதுதான் எமன்.

அடுத்தது படம். புது டிவிகளில் மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதி பெரும்பாலும் தானாகவே ஆனில் இருக்கும். நடுவில் இல்லாத ஃபிரேம்களை அதுவே உண்டாக்கிச் செருகும். கிரிக்கெட்டுக்குப் பரவாயில்லை, சினிமாவை மெகா சீரியல் மாதிரி ஆக்கிவிடும். இதை அணைக்கச் சொல்லி 2018இல் டாம் க்ரூஸே வீடியோ போட்டார். ஃபிலிம்மேக்கர் மோட் உள்ள டிவி என்றால் அதைப் போடுங்கள், இது போன்ற வேலைகள் எல்லாம் நின்றுவிடும். அப்புறம் இருட்டு. 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில் ஓர் இரவுப் போர் எபிசோட் வந்தபோது, ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு இருட்டுக் காட்சி பார்த்தால் திரையில் நம் முகம்தான் தெரியும். நெட் வேகம் குறைந்தாலும் முதலில் அடிவாங்குவது இருட்டுக் காட்சிதான், கறுப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். முடிந்தால் முன்கூட்டியே நல்ல தரத்தில் டவுன்லோட் செய்து வையுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் எல்லாப் படமும் வீட்டில் எடுபடாது. பேயும் காமெடியும் கலந்த படங்களுக்குக் கூட்டத்தின் கூச்சல் வேண்டும், அவை தியேட்டருக்கே உரியவை. வீட்டுக்கு ஏற்றவை வீட்டையே பயமாக்கும் படங்கள். 'யாவரும் நலம்' (2009) நினைவிருக்கிறதா? புது ஃபிளாட்டுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கும் சீரியலில் நடப்பதெல்லாம் அந்த வீட்டிலும் நடக்கிறது. மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. நம் கூடத்தில் நம் டிவியில் அந்தப் படத்தைப் பார்க்கும்போது வரும் கலக்கம் தியேட்டரில் வரவே வராது என்பேன். ஜப்பானிய 'ரிங்கு'வும் (1998) அப்படித்தான், அதில் ஆபத்தே ஒரு வீடியோ கேசட்டிலிருந்து வருகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டைச் சுற்றி நடக்கும் 'கேம் ஓவர்' (2019) படத்தையும் இதில் சேர்ப்பேன்.

டார்க் த்ரில்லர் வேறு ஜாதி. 'ராட்சசன்' (2018) மாதிரிப் படங்களில் பயத்தைவிட மனபாரம்தான் அதிகம். பள்ளிச் சிறுமிகள் கொல்லப்படும் கதை. இதைக் குழந்தைகள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது ஓடவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தியேட்டர் என்றால் 'ஏ' சான்றிதழ் படத்துக்கு வாசலிலேயே தடுப்பார்கள். வீட்டு வாசலில் யாரும் இல்லை. 2021இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி ஓடிடி தளங்கள் வயது வகையைக் காட்ட வேண்டும், யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பேரண்டல் லாக் வசதியும் தர வேண்டும். ஆனால் அந்த லாக்கைப் போட வேண்டியது நாம்தான். அதைப் போட்டு வையுங்கள்.

இந்த வாரமே பார்ப்பதாக இருந்தால் மலையாளப் 'பூதகாலம்' (2022) படத்தில் ஆரம்பியுங்கள். நேராக ஓடிடிக்கே வந்த படம். ரேவதியும் ஷேன் நிகமும் தாயும் மகனுமாக, பாட்டி இறந்துபோன ஒரு வாடகை வீட்டில். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் பேசுவதும் பேசாமல் இருப்பதும்தான் அதிகம், பேய் என்று எதையும் பெரிதாகக் காட்ட மாட்டார்கள். பொறுமையாக இருங்கள், ஃபோனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், நடுவில் பாஸ் போடாதீர்கள். கடைசி அரை மணி நேரத்துக்கு அந்தப் பொறுமை தேவைப்படும்.