மலாக்கா ஆற்றோரம் ஒரு நாள் நடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோலாலம்பூரில் ஐந்து நாள் தங்குகிறோம். ஒரு நாளை மலாக்காவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஆற்றோரச் சுவரோவியங்களையும் பழைய தெருக்களையும் நடந்தே பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்குவது? (வாசகி, சென்னை)

பதில்: தாராளமாக முடியும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் மிகச் சிறியது. வரிசை தவறினால்தான் சிக்கல். ஓவியங்களுக்கு வெயில் விழும் நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், உச்சி வெயில் மூன்றையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

கோலாலம்பூர் பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து முனையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரம். காலை ஏழரைக்குள் வண்டி ஏறிவிடுங்கள். மலாக்கா சென்ட்ரல் ஊருக்கு வெளியே நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்திலோ, கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டியிலோ டச்சுச் சதுக்கம் வந்து இறங்கலாம். சிவப்புக் கட்டடங்களும் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயமும் நிற்கும் இடம் அது. கால் மணி நேரம் போதும்.

அடுத்து எல்லாரும் 'தான் கிம் செங்' பாலத்தைத் தாண்டி ஜோங்கர் தெருவுக்குள் நுழைவார்கள். நீங்கள் பாலத்தைத் தாண்டாதீர்கள். தேவாலயம் இருக்கும் கரையிலேயே, ஆற்று நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நடங்கள். ஓவியங்கள் எதிர்க்கரை வீடுகளின் முதுகில் இருக்கின்றன. வீடுகளின் முகப்பு தெருவைப் பார்க்கும், பின்சுவர் ஆற்றைப் பார்க்கும். ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் வந்து நின்ற பக்கம் இது. ஆற்றைத் துப்புரவு செய்து நடைபாதை போட்ட பிறகுதான் இந்தச் சுவர்கள் கண்ணில் படத் தொடங்கின.

சான் கூன் செங் பாலத்தையும் கடந்து, கம்போங் ஜாவா பாலத்தில் அக்கரை சேருங்கள். 1728இல் எழுந்த கம்போங் ஹூலு மசூதி வழியாகத் தெற்கே திரும்பி வந்தால், கோயில் தெருக்களுக்குள் பதினோரு மணிவாக்கில் நுழைந்துவிடலாம். மலேசியக் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணிக்கு. அதனால் ஒன்று முதல் நான்கு வரை வெளியே நடக்க வேண்டாம். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஹீரன் தெருவின் பாபா நியோன்யா (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வழித்தோன்றல்கள்) அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். ஐந்து மணிக்கு மறுபடி ஆற்றோரமாகக் கம்போங் மோர்ட்டனுக்கு. சதுக்கத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் வரும். ஆறு வளையும் இடத்தில் மர வீடுகள் நிறைந்த மலாய்க் குடியிருப்பு. ஆட்கள் வாழும் ஊர் அது. சன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படமெடுக்கக் கூடாது.

கேள்வி: போன முறை மாலையில் போனோம். படங்களில் ஓவியம் எல்லாம் கறுத்து, வானம் வெளுத்துப்போய் வந்தது. கைப்பேசிக் கோளாறா? (வாசகர், ஈப்போ)

பதில்: கைப்பேசியில் குறையில்லை. ஓவியச் சுவர்களில் பெரும்பாலானவை கிழக்குப் பார்த்தவை. காலை வெயில் நேராக விழும். பிற்பகலில் சூரியன் வீடுகளின் கூரைக்குப் பின்னால் போய்விடும். சுவர் நிழலில், வானம் ஒளியில். எந்தக் கேமராவும் அங்கே திணறும். பதினொன்றரைக்குள் எடுத்துவிடுங்கள். மேகமூட்டமான நாள் என்றால் எந்த நேரமும் சரி.

இன்னொன்று, சுவருக்கு அடியில் நின்று எடுக்காதீர்கள். நடைபாதை குறுகல். அகலக் கோணத்தில் எடுத்தால் வீடுகள் பின்னால் சாய்ந்ததுபோல் வரும். எதிர்க்கரையில் நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் கோடுகள் நேராக நிற்கும். இரவு தங்குபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்கும் முன் தண்ணீர் அசையாது, வண்ணங்கள் அப்படியே ஆற்றில் விழும். விடிவதே ஏழு மணிவாக்கில்தான் என்பதால் ஆறு மணிக்கு எழுந்து காத்திருக்கத் தேவையில்லை.

தெருவுக்குள் ஒரு சுவரை விட்டுவிடாதீர்கள். லோரோங் ஹாங் ஜெபாட்டில் ஓவியர் சார்ல்ஸ் சாம் நடத்தும் 'ஒராங்ஊத்தான் இல்லம்' என்ற ஓவியக்கூடம். சுவர் முழுக்க ஒரே குரங்கு முகம்.

கேள்வி: பழைய படங்களில் பார்த்த சில ஓவியங்களைக் காணவே இல்லை. சில செதில் செதிலாக உரிந்திருக்கின்றன. ஏன் பராமரிப்பதில்லை? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பராமரிப்புக் குறை ஒரு பகுதிதான், சுவரின் இயல்பே பெரிய காரணம். இவை செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய சுவர்கள். நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், பிறகு காரை வழியாக மூச்சுவிட்டு வெளியேற்றும். ஆற்றங்கரையில் இந்த ஈரம் நிற்பதே இல்லை. அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ட் பூசினால் மூச்சு அடைபடுகிறது. ஈரத்தோடு வரும் உப்பு வண்ணப்படலத்துக்குப் பின்னால் படிகமாகி, கொப்புளமாகத் தள்ளி, உரித்துவிடுகிறது. அடிச்சுவர்தான் முதலில் போகும், கவனித்துப் பாருங்கள். அந்த இடத்தைச் சிமென்ட் பூசி மூடினால் ஈரம் அதற்கும் மேலே ஏறி, நன்றாக இருந்த பகுதியையும் கெடுக்கும். பழைய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பே உகந்தது. ஓவியத்துக்காக வீட்டைக் கெடுப்பது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

போதாததற்கு நேர் வெயில். சிவப்பு, மஞ்சள் சாயங்கள் பல முதலில் வெளுக்கும். காவியும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். வெளுத்ததன் மேல் புதிதாக வேறொன்றை வரைவதும் வழக்கம். எனவே பழைய படத்தை வைத்துக்கொண்டு தேடாதீர்கள். உரிந்து நிற்கும் செதிலைக் கையால் தொடவும் வேண்டாம்.

கேள்வி: தமிழர் தொடர்புள்ள இடங்கள் நடைவழியில் உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நடைவழியின் நடுவிலேயே உண்டு. ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெருவில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி கோயில். டச்சுக்காரர்கள் மலாக்கா செட்டிகளுக்குக் கொடுத்த நிலத்தில் கட்டியது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். மலாக்கா செட்டிகள் இங்கே வணிகம் செய்து மலாய்ப் பெண்களையும் மற்றவர்களையும் மணந்து வேரூன்றிய தமிழ் வணிகர்களின் வழிவந்தோர். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் தெய்வங்களை. அவர்கள் குடியிருப்பும் சிறு அருங்காட்சியகமும் காஜா பெராங் பகுதியில் இருக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கெலிங் மசூதி. மூன்றடுக்குக் கூம்புக் கூரை, பகோடா போன்ற மினார். 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. இன்று இந்தியரை அப்படி அழைப்பது வசை. பலகையில் இருப்பது பழைய ஊர்ப்பெயர். சற்றுத் தள்ளி 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். அதன் கூரைமேல் பீங்கானைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய பூக்களும் உருவங்களும் இருக்கின்றன, அண்ணாந்து பார்க்காமல் வராதீர்கள்.

விநாயகர் கோயில் நடை மதியம் சாத்திவிடும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மசூதிக்குள் போக வேண்டாம். முழங்காலும் தோளும் மூடிய உடை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, மதுரை)

பதில்: ஆற்றின் கிழக்குக் கரையில் ஜாலான் தெமெங்கோங், ஜாலான் பெண்டஹாரா பக்கம் லிட்டில் இந்தியா. வாழையிலைச் சாப்பாடு அங்கே. நியோன்யா உணவகங்களில் காய்கறிப் பொரியலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். கறி இல்லை என்று சொன்னால் போதாது. "தக் நாக் பெலாச்சான், தக் நாக் ஊடாங்" என்று சொல்லுங்கள். விழுதும் வேண்டாம், இறாலும் வேண்டாம் என்று பொருள். செண்டோல் கவலையில்லாமல் சாப்பிடலாம்: பாண்டான் இலைச் சாறு சேர்த்த பச்சை மாவு இழை, சிவப்பு பீன்ஸ், தேங்காய்ப்பால், பனிச்சீவல், மேலே குலா மெலாக்கா. கடைசியில் சொன்னது தென்னம்பாளைப் பதநீரைக் காய்ச்சிய வெல்லம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: போகலாம், ஆனால் முழு நடையும் வேண்டாம். செயின்ட் பால் குன்றில் படிகள் அதிகம், விட்டுவிடுங்கள். நடைபாலங்களிலும் ஏற்ற இறக்கம் உண்டு. தான் கிம் செங் பாலம் சாலைப் பாலம், அதையே பயன்படுத்துங்கள். ஹீரன் தெருவில் அஞ்சடி (வீட்டு முகப்பை ஒட்டிய கூரையிட்ட நடைபாதை) பல வீடுகளில் குறுக்குச் சுவரால் அடைபட்டிருக்கும், காருக்கு நடுவே சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அம்மாவுக்கு ஆற்றுப் படகே நல்லது. முக்கால் மணி நேரத்தில் கம்போங் மோர்ட்டன் வரை போய்த் திரும்பும், சுவர்களையும் உட்கார்ந்தபடி பார்க்கலாம். ரிக்‌ஷா ஏறினால் கட்டணத்தையும் நேரத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: எந்தக் கிழமை நல்லது? (வாசகி, திருச்சி)

பதில்: புதன் அல்லது வியாழன். செவ்வாயில் ஜோங்கர் பகுதிக் கடைகள் பல மூடியிருக்கும். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும். அது வேண்டுமென்றால் வெள்ளி வாருங்கள், இரவு தங்குங்கள். ஞாயிறு மாலை திரும்புவதென்றால் பேருந்துச் சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.