காசும் காஷும்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்குக் கணக்கியல் படிப்பிக்கிறேன். காசு வரவு செலவை எழுதும் காசேடு பாடம் தொடங்கும்போது, ‘காஷ் என்ற ஆங்கிலச் சொல்லே எங்கள் காசிலிருந்து போனதுதான்’ என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன். பிள்ளைகளுக்கும் அது சந்தோசம். இந்த முறை ஒரு மாணவன் எழும்பி, அது பிரெஞ்சிலிருந்து வந்தது என்று அகராதியில் இருப்பதாகச் சொன்னான். நேரமில்லாததால் அவனை இருக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். எது சரி? அதன் எழுத்துக்கூட்டல் எப்படி வந்தது? கட்டுமரம், அரிசி எல்லாமும் இப்படிப் போனவைதானே?

ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் மாணவன் சொன்னது சரி. நீங்கள் சொன்னது பிழை. ஆனால் நம்முடைய காசு ஆங்கிலத்துக்குப் போகவே இல்லை என்று மனம் சோர வேண்டாம். போனது, அது வேறொரு காஷ்.

இந்தச் சொல் கொஞ்சக் காலமாகவே என் தலைக்குள் கிடக்கிறது. ஜேர்மனியில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் கதைக்கும்போது, ‘இங்கே கடையில் காசு கட்டுகிற இடத்துக்குக் காஸ என்றுதான் பேர் மாமா, எங்கட சொல்லைத்தானே வைத்திருக்கிறார்கள்’ என்று அவ்வளவு பெருமையோடு சொன்னான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இலத்தீனில் காப்சா என்றால் பெட்டி. அதுதான் இத்தாலியில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் கேஸ் ஆனது, ஜேர்மனியில் காஸ ஆனது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது சி, ஏ, எஸ், எச் என்று எழுத்து விழுந்தது. அப்போது அந்தச் சொல்லுக்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது, பெட்டிக்குள் இருக்கும் பணம் என்ற பொருளும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பெட்டி கழன்றுபோய்ப் பணம் மட்டும் மிஞ்சியது. மருந்துக் கடையில் வாங்குகிறோமே கப்சூல், அதுவும் அந்தக் காப்சாவின் பிள்ளைதான்: சின்னப் பெட்டி.

இது எனக்கு அகராதியைப் பார்த்து மட்டும் விளங்கிய விஷயமில்லை. அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். முதலாளி இருக்கும் இடத்துக்குப் பெட்டியடி என்று பேர். பலாப்பலகையில் செய்த பெட்டி. சரிந்த மூடி, நடுவில் காசு போட ஒரு துவாரம். துவாரத்தின் ஓரம் நாணயம் உரசி உரசிக் கறுத்து, விரல் வைத்தால் வழுக்கும். கடை பூட்டும் நேரம் அப்பா ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, ‘பெட்டி எவ்வளவு?’ என்று கேட்பார். முதலாளி தொகையைச் சொல்வார். பெட்டியின் நீள அகலத்தையா சொல்வார்? பெட்டி என்றாலே உள்ளே கிடக்கும் பணம்தான். நம் இலக்கணத்தில் இதற்கு இடவாகுபெயர் என்று பேர் இருக்கிறது. ஐரோப்பிய வியாபாரிகளின் பேச்சிலும் இதேதான் நடந்தது.

இனி மற்றக் காஷ். போர்த்துக்கேயர் நம் கரைகளுக்கு வந்து, இங்கே புழங்கிய சிறு நாணயத்தின் பெயரைக் கேட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே பெட்டியைக் குறிக்கும் கைஷா என்ற சொல் இருந்தது. அதுவும் அதே காப்சாவின் வழியில் வந்ததுதான். காசு என்று காதில் விழுந்ததையும் கைஷா என்றே எழுதினார்கள். ஆங்கிலேயர் அதைக் காஷ் ஆக்கினார்கள். இப்படித்தான் இரண்டு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் வாய்த்தது. நல்ல ஆங்கில அகராதிகளில் இரண்டையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனியாக வைத்திருப்பார்கள். யூலும் பர்னலும் 1886 இல் வெளியிட்ட ஹொப்சன்-ஜொப்சன் அகராதியும், தமிழ்க் காசு, போர்த்துக்கேயக் கைஷா, ஆங்கிலக் காஷ் என்று இந்த வழியைத்தான் காட்டுகிறது. காசையே கர்ஷம் என்ற சமஸ்கிருத எடைப் பெயரோடு சேர்த்துப் பார்ப்பதும் அதில் உண்டு. அதற்காகக் கோபிக்க ஒன்றுமில்லை.

இந்த இரண்டாவது காஷின் கதை எவ்வளவு பெரியது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பனி சென்னைப் பக்கத்துக்கென்று பேர்மிங்காமில் செப்புக் காசு அடித்தது. ஒரு பக்கம் கம்பனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தும் காஷ் என்ற ஆங்கில எழுத்தும். அவற்றை ஏற்றிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ற் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. பிற்காலத்தில் சுழியோடிகள் அங்கிருந்து லட்சக்கணக்கில் காசு எடுத்தார்கள். சீனாவில் நடுவில் சதுரத் துளையிட்டு, கயிற்றில் கோத்து வைத்த நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் காஷ் என்றுதான் பேர். நம் நாட்டின் பழைய தலைநகரான யாப்பகூவாவில் தோண்டி எடுத்தவை அந்த வகைதான். ஒரு தமிழ்ச் சொல் போர்த்துக்கேயன் வாயில் ஏறிச் சீன நாணயத்துக்கே பேராகியிருக்கிறது. இதை விட்டுவிட்டு, நமக்கு உரித்தில்லாத இலத்தீன் பெட்டியைப் பிடித்து இழுப்பானேன்?

ரீச்சர், உங்களில் எனக்குக் கோபம் இதில்தான். ஓசை ஒத்துப்போனால் உறவு என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சொல், எந்த நூற்றாண்டில், யார் வாய் வழியாக, எந்தப் பொருளோடு போனது என்று காட்ட வேண்டும். நீங்கள் கணக்குப் படிப்பிப்பவர். பற்றுச்சீட்டு இல்லாத செலவைக் காசேட்டில் பதிய விடுவீர்களா? விடமாட்டீர்கள். சொல்லுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை? முகநூலில் ஓடுகிற பட்டியல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் அகராதியைத் திறந்து ஒன்று பொய் என்று கண்டதும் மெய்யானதையும் சேர்த்தே எறிந்துவிடுவார்கள். பொய்யான பெருமையால் முதலில் நட்டப்படுவது உண்மையான பெருமைதான். அகராதி பார்த்து வந்து எழும்பிக் கதைத்த பிள்ளையை இருக்கச் சொன்னீர்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு பிள்ளை கிடைப்பது ஆசிரியரின் பாக்கியம். கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால், ‘நீ சொன்னது சரி’ என்று சொல்லுங்கள். உங்கள் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

கட்டுமரம் தமிழ்ச் சொல்தான், அதில் தகராறில்லை. அரிசியை இன்றைக்குத் தொடவில்லை. அது நீண்ட வழக்கு.

காசேடு என்ற சொல்லை நீங்கள் தயங்காமல் சொல்லிக்கொடுங்கள். காஷ் எங்கிருந்து வந்தாலும், காசு நம்முடையது. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்று நம் நாட்டின் பெயரோடேயே ஒரு நாணயம் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்து நிவந்தங்களை, அதாவது கோயிலுக்கு விட்ட கொடைகளை, பாருங்கள்: கோயிலுக்குக் கொடுத்த காசை ஊர்ச்சபைகள் வட்டிக்கு எடுக்கின்றன, வட்டிக்குப் பொலிசை என்று பேர், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம். உங்கள் பிள்ளைகள் பதியப் பழக இதைவிட நல்ல கணக்கு எது?

இன்னொன்றும் தருகிறேன். கம்பனி காலத்துச் சென்னையில் 80 காசு சேர்ந்தது பணம் என்ற நாணயம், 42 பணம் சேர்ந்தது வராகன் என்ற பொன் நாணயம். ஒரு வராகனுக்கு 3,360 காசு. வராகன், பணம், காசு என்று மூன்று நிரல் போட்டு ஒரு காசேட்டை எழுதி, மீதியை முன்கொண்டுவரச் சொல்லுங்கள். நிரல் மாற்றும்போது பத்தால் பெருக்கிப் பழகின கை கொஞ்சம் தடுமாறும். அந்தப் பொடியனைக் கரும்பலகையில் செய்யவிடுங்கள்.

அன்புடன்.