ஏற்காட்டில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: எப்படி இயக்குவது, என்ன பராமரிப்பு?

கேள்வி: "ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டில் 200 லிட்டர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் பொருத்தியிருக்கிறோம். டிசம்பர் வந்தால் மின்கட்டணம் ஏறிவிடுகிறது. சில நாட்களில் தண்ணீர் சரியாகச் சூடாவதும் இல்லை. இதை எப்படி இயக்க வேண்டும்? என்னென்ன பராமரிப்பு செய்ய வேண்டும்?"

நாங்களும் இதே மலையில்தான் இருக்கிறோம். எங்கள் வீட்டிலும் 200 லிட்டர்தான். வயதான அம்மா, குழந்தைகள் எல்லோரும் காலையில் குளித்துக் கிளம்பும் வீடு என்பதால் இந்த இயந்திரத்தின் மேல் எனக்குத் தனி அக்கறை உண்டு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டணத்தை முதலில் பார்ப்போம். ஹீட் பம்ப் என்பது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம். பெரும்பாலான ஹீட் பம்புகளுக்குள் சாதாரண கீசரில் இருப்பது போன்ற ஒரு மின் எலிமெண்டும் இருக்கும். கன்ட்ரோலரில் 'ஆட்டோ' அல்லது 'ஹைபிரிட்' என்று வைத்திருந்தால், குளிர் கூடியதும் அது தானாகச் சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். உங்கள் கட்டணம் டிசம்பரில் ஏறுவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். 'எகானமி' அல்லது 'ஹீட் பம்ப் மட்டும்' என்ற நிலைக்கு மாற்றிவிட்டு அடுத்த கணக்கெடுப்பு வரை மீட்டரைக் கவனியுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 200 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 53 டிகிரிக்குக் கொண்டுபோக, ஏறக்குறைய 8 யூனிட் வெப்பம் வேண்டும். எலிமெண்ட் அதற்கு 8 யூனிட் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஹீட் பம்ப் வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து எடுக்கிறது. மின்சாரம் கம்ப்ரஸரையும் விசிறியையும் ஓட்டுவதற்கு மட்டுமே. ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைத்தாலே, அதே வேலை 2.7 யூனிட்டில் முடிகிறது. நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 300 யூனிட்டைத் தாண்டும். நம் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைக் கடந்தால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடிவிடுகிறது என்பதால், இந்த 300 யூனிட் எந்தப் பக்கம் விழுகிறது என்பது சிறிய விஷயம் இல்லை.

அடுத்தது நேரம். ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை 12, 13 டிகிரி வரை இறங்குகிறது. அதே நாள் பிற்பகலில் 20 டிகிரியைத் தாண்டிவிடும். காற்று குளிரக் குளிர, அதிலிருந்து வெப்பத்தைப் பிடுங்க கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்க வேண்டும். அப்படியிருக்க, காலையில் குளிப்பதற்காக விடியற்காலை நான்கு மணிக்கு ஓடவிடுவது வீண் செலவு. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் ஓடி முடிக்கும்படி டைமர் வையுங்கள். தொட்டியின் உறை நன்றாக இருந்தால் மறுநாள் காலைக்குள் சில டிகிரிதான் குறையும். பத்து டிகிரி கூடுதலான காற்றில் ஓடினால் மின்செலவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதிலும் பலர் தேவைக்கு மேல் வைக்கிறார்கள். குளிக்க 40 டிகிரி போதும். 53 டிகிரியில் உள்ள 200 லிட்டரைக் குளிர்ந்த நீரோடு விளாவினால், 20 லிட்டர் வாளியில் 15 வாளிக்குக் குறையாது. 65 டிகிரி வைத்தால் கம்ப்ரஸர் திணறும், தொட்டியில் உப்பு சீக்கிரம் படியும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கை வெந்துபோகும் ஆபத்தும் உண்டு. ஆனால் ஒரேயடியாக 45-க்கு இறக்கிவிடவும் கூடாது. வெதுவெதுப்பான நீர் தேங்கினால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அது நுரையீரலைத் தாக்கக்கூடியது. அன்றாடம் 52 முதல் 55 வரை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றி இறக்குங்கள். பல கன்ட்ரோலர்களில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. எலிமெண்ட் உதவுவதற்கு உரிய நேரம் அதுதான்.

இனி, சில நாட்களில் சூடாவதே இல்லை என்றீர்களே, அந்த விஷயம். நாகலூர் சாலையில் இருக்கும் என் பெரியப்பா வீட்டில் போன குளிர்காலத்தில் இதே புகார். "கேஸ் போய்விட்டதாம் தம்பி, நிரப்ப வேண்டும் என்கிறார்கள்" என்று கவலையோடு போன் செய்தார். இயந்திரத்தின் குழாய்களுக்குள் சுற்றி வெப்பத்தைக் கடத்தும் கேஸைத்தான் சொன்னார். போய்ப் பார்த்தால், மழை படக் கூடாது, குரங்கு தொடக் கூடாது என்று வெளி யூனிட்டைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் அடித்து, முன்னால் ஒரு கதவும் வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர் முகத்தில் அடித்தது. பின்பக்க அலுமினியத் தகடுகள் முழுக்க வெள்ளையாக உறைபனி. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. வெளியே அப்போது காற்று 16 டிகிரி இருக்கும். விசிறி தள்ளும் குளிர்ந்த காற்று வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி அதே காயிலுக்குள், அதாவது தகடுகளுக்கு இடையே ஓடும் குழாய்ச் சுருளுக்குள், போய்க்கொண்டிருந்தது. இரண்டு தகரங்களைக் கழற்றினோம். அரை மணி நேரத்தில் பனி உருகி, தகடுகளிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. மறுநாள் தண்ணீர் வழக்கம்போல் சூடானது. கேஸ் அப்படியே இருந்தது.

ஆகவே முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள். மேலே மட்டும் சிறிய கூரை போதும். விசிறிக்கு முன்னால் குறைந்தது ஒரு மீட்டராவது திறந்த வெளி வேண்டும். குரங்குத் தொல்லைக்குப் பெரிய கண் உள்ள கம்பி வலை போட்டால் போதும், காற்றும் தடைபடாது. குழாய்களின் மேல் சுற்றிய கறுப்பு உறையைக் குரங்குகள் பிய்த்துப் போடுவது நம் பக்கத்தில் சகஜம். அதன்மேல் ஒரு பிவிசி குழாயை மாட்டிவிடுங்கள். உறை போன குழாயில் இரவு முழுக்கச் சூடு வீணாகிக்கொண்டிருக்கும்.

அந்த அலுமினியத் தகடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரம் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். சில்வர் ஓக் சருகு, சிலந்தி வலை, காப்பி களத்தில் பறக்கும் தோல் தூசு எல்லாம் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். காப்பி அறுவடை நடக்கும் மாதங்களில் எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை துடைப்போம், மற்ற மாதங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, தகடுகள் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கிவிடும். பிறகு செடிக்குத் தண்ணீர் விடும் குழாயில் மெதுவாக அலசினால் போதும். கார் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். விரைவாகச் சுத்தமாகும் என்று சிலர் ஆசிட் ஊற்றுகிறார்கள். அலுமினியத்தை அது அரித்துவிடும்.

அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈரக்காற்று குளிர்ந்த காயிலில் பட்டு நீராக மாறுகிறது. அப்படி மாறும் ஒவ்வொரு லிட்டரும் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் சொட்டுகிறது. பனிமூட்டம் மூடிய நாட்களில் சோலார் ஹீட்டர் கைவிட்டுவிடுகிறது, ஹீட் பம்ப் ஓடுகிறது. மலையில் நான் இதை விரும்பியதற்கு முதல் காரணமே அதுதான். (கீழே சேலத்தில், மொட்டை மாடியும் நல்ல வெயிலும் இருப்பவர்களுக்கு சோலாரே போதும் என்பேன்.) ஆனால் அந்தத் தண்ணீர் வெளியேறும் மெல்லிய குழாய் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மறுமுனையில் தடையில்லாமல் வர வேண்டும்.

தொட்டிப் பக்கம் மூன்று வேலைகள் உண்டு. தண்ணீர் உள்ளே வரும் குழாயில் உள்ள வடிகட்டியை மழைக்காலத்தில் அடிக்கடி கழுவுங்கள், செம்மண் கலங்கல் அதில்தான் தங்கும். பாதுகாப்பு வால்வின் கைப்பிடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கி, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். கொதிநீர் வரும், கையை விலக்கி வைத்துச் செய்ய வேண்டும். அந்த வால்வு இறுகிப்போனால் தொட்டிக்கே ஆபத்து, அதன் வாயை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. உள்ளே எனாமல் பூசிய இரும்புத் தொட்டி என்றால் அதற்குள் ஒரு மக்னீசியக் கம்பி தொங்கும். ஆனோடு கம்பி என்பார்கள். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக இந்தக் கம்பி தன்னைக் கரைத்துக்கொள்கிறது. சேலத்துக்காரர்களுக்கு மக்னீசியம் அந்நியமானது அல்ல, மலையடிவாரத்துக்கு அருகிலுள்ள வெள்ளைக்கல் சுரங்கங்களில் கிடைப்பது அதன் தாதுதான். ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீரை அடைத்து, அழுத்தத்தை இறக்கி, பிளம்பரைக் கொண்டு கம்பியைக் கழற்றிப் பாருங்கள். விரல் தடிமனாக இருந்தது பாதியாகித் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி இழை தெரிந்தால் புதிது போட்டுவிட வேண்டும். தொட்டி ஓட்டையானால் பெரும்பாலும் தொட்டியையே மாற்ற வேண்டிவரும், அதோடு ஒப்பிட்டால் கம்பியின் விலை அற்பம். சேலத்தில் போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கம்பி இன்னும் வேகமாகக் கரையும். அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. கம்பியைக் கழற்றும்போதே கீழ் வால்வைத் திறந்து அடியில் தங்கிய வண்டலையும் வெளியேற்றிவிடலாம்.

மின்சாரம் மலையில் தனிக் கவலை. காற்றடித்தால் கிளை விழும், மின்சாரம் போகும், வரும், குறைந்த வோல்ட்டேஜில் முனகும். கம்ப்ரஸருக்கு அது எமன். நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் ஒன்று கட்டாயம் வேண்டும். மின்சாரம் திரும்பி வந்ததும் மூன்று நிமிடமாவது பொறுத்து ஓடவிட வேண்டும். ஏப்ரல், மே மாத இடி மின்னலுக்கு சர்ஜ் பாதுகாப்பு போடுங்கள். இடி முழங்கும்போது மெயினை அணைத்துவிடுவதே உத்தமம். பாறை நிலத்தில் எர்த் சரியாகக் கிடைப்பது கடினம் என்பதால், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழியின் மின்தடையை ஆண்டுதோறும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் குளியலறைத் தண்ணீரோடு தொடர்புள்ள எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கேஸ் விஷயத்தில் ஒரு வார்த்தை. அது செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் ஆண்டுக்கணக்கில் சுற்றும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள், மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். கசிவை அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சில புதிய மாடல்களில் எளிதில் தீப்பற்றும் ஆர்-290 என்ற கேஸ் இருக்கிறது, அதைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

சேலத்திலிருந்து மெக்கானிக் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், மழையில் மரம் விழுந்தால் அன்றைக்கு வரவே மாட்டார். அதனால் அழைப்பதற்கு முன் கன்ட்ரோலரில் தெரியும் பிழைக் குறியீடு, யூனிட்டின் பின்பக்கம், பெயர்த் தகடு மூன்றையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். விசிறி சுற்றுகிறதா, தகடுகளில் பனி இருக்கிறதா, ஓடும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு என்பதையும் சொல்லிவிட்டால், சரியான உதிரிபாகத்தோடு மேலே வருவார்.