யாரும் வராத கூட்டம் நிரம்பி வழிந்தது

கே: அலுவலகக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அறிக்கையில் ‘நோபடி டிட் நாட் கம்’ என்று எழுதினேன். மேலாளர் சிவப்பு மையால் வட்டமிட்டு, எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு, ‘மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ் அய்யா’ என்றார். இலக்கணத்தில் கணக்குக்கு என்ன வேலை?
– வாசகர், திருச்சி

ப: சிரித்தது தப்பு, வட்டமிட்டது சரி. நீங்கள் எழுதியதற்கு ‘வராதவர் ஒருவரும் இல்லை’ என்று பொருள். காலி நாற்காலிகளைப் பற்றி எழுதப்போய், அரங்கு நிறைந்ததாக அறிக்கை கொடுத்திருக்கிறீர்கள்!

உங்களை இழுத்துவிட்டது நம் ‘யாரும்’தான். ‘யாரும் வரலாம்’ என்கிறோமே, அதில் மறுப்பு எங்கே இருக்கிறது? ‘யாரும்’, ‘எதுவும்’ எல்லாம் தம்மளவில் எதையும் மறுக்காத சொற்கள். ‘வரவில்லை’ என்று வினை வந்துதான் மறுக்கிறது. ஆங்கிலத்து ‘நோபடி’, ‘நத்திங்’, ‘நெவர்’ அப்படி இல்லை. ‘இல்லை’யை மடியில் கட்டிக்கொண்டே வருகிறவை. அதற்கு மேல் வினையிலும் ஒரு ‘நாட்’ வைத்தால் இரட்டை மறுப்பு.

சரி, ‘யாரும்’ என்றால் ‘எனிபடி’தானே என்று ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று திருத்திவிடாதீர்கள். அதுவும் தப்பு. எழுவாய் இடத்தில் ‘நோபடி கேம்’, அவ்வளவுதான். செயப்படுபொருளாக வந்தால் ‘ஐ டிட் நாட் சீ எனிபடி’. ‘ஹார்ட்லி’யிடமும் ஜாக்கிரதை. பார்க்க சாது, உள்ளே பாதி மறுப்பு. ‘ஐ குட் நாட் ஹார்ட்லி ஹியர்’ என்று எழுதினால் ‘நாட்’டை அடித்துவிடுங்கள்.

நோபடியைவிட என்னை அதிகம் படுத்துவது ‘அன்லெஸ்’. ‘கட்டாவிட்டால்’ என்பதில் உள்ள ‘ஆவிட்டால்’தான் அந்தச் சொல். அது தெரியாமல் ‘அன்லெஸ்’ போட்டு, பின்னாலேயே ‘நாட்’டும் போடுகிறோம். ஒரு கல்லூரி அறிவிப்புப் பலகையில் நானே பார்த்தேன்: ‘அன்லெஸ் ஃபீஸ் ஆர் நாட் பெய்டு, ஹால் டிக்கெட் வில் நாட் பி இஷ்யூட்.’ நிதானமாகப் படியுங்கள். பணம் கட்டியவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது! முதல் ‘நாட்’டை எடுத்தால் போதும். இல்லையென்றால் ‘அன்லெஸ்’ இருந்த இடத்தில் ‘இஃப்’ போடலாம்.

இனி உங்கள் கணக்குக் கேள்வி. அதில் உங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. (இதுவும் இரட்டை மறுப்புதான். ‘கொஞ்சம் இருக்கிறது’ என்று பொருள். ‘நாட் அன்காமன்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதும் இந்த ரகம். அதைத் திருத்த வேண்டாம்.) 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், ஒரு போர்வீரர் எவரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை என்று சொல்ல, ஒரே வாக்கியத்தில் நான்கு மறுப்புகளை அடுக்கினார். நான்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவில்லை, அழுத்தம்தான் கூட்டின. இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு என்று அடித்துச் சொன்னவர்கள் 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். பிற்பாடு லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லவுத் அவர்களில் முக்கியமானவர். இன்றைக்கும் லண்டன் கிழக்குப் பகுதிப் பேச்சிலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்றால் ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்றுதான் அர்த்தம். ஸ்பானிஷில் ‘நோ சே நாதா’ என்று இரட்டை மறுப்பில் சொல்வதே இலக்கணம்.

ஆக, உங்கள் மேலாளர் சொன்ன கணக்கு மொழிக்கெல்லாம் பொதுவான விதி இல்லை. எழுத்து ஆங்கிலம் தனக்குப் போட்டுக்கொண்ட ஒழுங்கு. ஆனால் உங்கள் அறிக்கை அந்த எழுத்து ஆங்கிலத்தில்தான் போகிறது. ‘நோபடி கேம்’ என்று திருத்திக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், மேலாளரின் அடுத்த சுற்றறிக்கையில் ‘அன்லெஸ்’ எங்காவது வருகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.